புது வாணலி

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையைப் போயும் போயும் தாய்லாந்து ஓட்டலுக்கா கூட்டி வருவாள் ஒருத்தி?

அத்தைக்கு நாற்காலியில் உட்காரவே மனம் வரவில்லை. மெனுவைப் பிரித்தால் படத்துக்குப் படம் கடலையைப் பொடித்துத் தூவியிருந்தார்கள்.

வாலுவுக்கு மூன்று வயதானபோது ஒரே ஒரு கடலையைக் கடித்துவிட்டு, உதடு வீங்கி மூச்சுத் திணறினாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் இந்த அத்தைதான். அதற்கப்புறம் எந்த ஓட்டலுக்குப் போனாலும் பிள்ளையின் அம்மா வாசலிலேயே கேட்பாள், எதிலெல்லாம் கடலை இருக்கிறது என்று. நாலு மேசைக்குக் கேட்கும்.

அவள் போய் இரண்டு வருஷம். சித்தி வந்து எட்டு மாசம். வாலு என்பது செல்லப்பெயர். அம்மா போனபிறகு பெயரில் மட்டும்தான் வால் மிச்சம்.

அத்தை காலையில் வந்து இறங்கியது விருந்தாட இல்லை. பிள்ளையைத் தன்னோடு கூட்டிப்போய் வளர்ப்பதா, இங்கேயே விடுவதா என்று முடிவு செய்ய. மாற்றாந்தாய் கையில் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று அவள் போனில் படித்துப் படித்துச் சொன்னதில், தம்பியும் அரைமனதாய், "நீயே வந்து பாருக்கா. உனக்குச் சரின்னு படறதைச் செய்யலாம்" என்றிருந்தான்.

வந்ததும் வராததுமாகப் பதினொன்றரை மணிக்கே மதியச் சாப்பாடு என்று கிளப்பிவிட்டாள் சித்தி. ஓட்டலில் இவர்களைத் தவிர ஈ காக்கை இல்லை.

சித்தி மெனுவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பரிமாறும் பெண்ணிடம் மூன்று படங்களைத் தொட்டுக் காட்டினாள். கடலை என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

"வாலு ஆசைப்பட்டுக் கேட்டா அண்ணி" என்றாள். "கூடப் படிக்கிறவங்க எல்லாம் பிறந்தநாளுக்கு இங்கதான் வருவாங்களாம். இவ மட்டும் வந்ததே இல்ல."

"ஏன் வந்ததில்லைன்னு தெரியுமில்ல உனக்கு?"

சித்தி பிள்ளையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தம்பி தண்ணீர் டம்ளரை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்த அத்தை, நேரே போய்ச் சமையலறைக் கதவைத் தள்ளினாள். அடுப்பின் முன்னால் நின்ற சமையல்காரியிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் ஆரம்பித்து, பொறுப்பில்லாத சித்தி வரைக்கும்.

சமையல்காரி அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாம் தெரியும்மா. அந்தம்மா நாலு வாரமா வந்து என் பக்கத்துல நின்னு பாக்கறாங்க. இங்க எந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு என்னைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

அடுப்பில் இருந்த வாணலியைக் காட்டினாள். இன்னும் கறுக்காத புது வாணலி. அதுவும், கரண்டியும், கத்தியும், காய் நறுக்கும் பலகையும் அந்தம்மாவே வாங்கிவந்து, துணியில் கட்டித் தனியாக வைத்தவை என்றாள். இன்றைக்கு முதல் சமையலே இவர்களுக்குத்தான். இது முடிந்து, இவர்கள் கிளம்பிய பிறகுதான் கடலை டப்பாவையே திறப்பார்களாம். அதற்குத்தான் பதினொன்றரை மணி.

"இதை மேசையில ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. நாலு பேர் முன்னாடி கேட்டா பிள்ளை கூசிப்போயிடுதாம். ஒரு நாளாவது மத்த பிள்ளைங்க மாதிரி உக்காந்து சாப்பிடட்டும்னாங்க."

அத்தை திரும்பி வந்தபோது, வாலு நூடுல்ஸை நீளமாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் குழம்பு.

"அத்தை, காரம் தாங்கல. அப்பா காதுல புகை வருது பாருங்க."

பிள்ளை பல் தெரியச் சிரித்தாள். அத்தை மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். ஏதாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. பையைத் திறந்து, வண்டி ஏறும் அவசரத்தில் வாங்கிய சாக்லேட் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தாடி. உனக்குன்னு வாங்கிட்டு வந்தேன்."

வாலு கை நீட்டுவதற்குள் சித்தி பெட்டியை எடுத்துக்கொண்டாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அண்ணி, மாத்தி எடுத்துட்டீங்க போல. இது நீங்க சாப்பிடற சர்க்கரை இல்லாத சாக்லேட்டு" என்றபடி, அத்தையின் பைக்குள்ளேயே பெட்டியை வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "போம்மா, போய்க் கை கழுவிட்டு வா. உன்னோடதைச் சாயங்காலம் தருவாங்க."

பிள்ளை எழுந்து போனாள். அத்தைக்குச் சுருக்கென்றது. தான் வாங்கிவந்ததைப் பிள்ளை தொடக்கூட இவளுக்குப் பொறுக்கவில்லையா? மடியில் இருந்த பையை மெதுவாகத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

பொடி எழுத்தில், நாலாவது வரியில் இருந்தது. வேர்க்கடலை.

தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டான். "சொல்லுக்கா. என்ன முடிவு பண்ணியிருக்கே? வாலுவை உன்கூட அனுப்பட்டுமா?"

சித்தியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. சாக்லேட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவள் தலை நிமிரவில்லை.

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள்.

"வேண்டாம்டா. என்கிட்ட பிள்ளைக்குப் பாதுகாப்பில்ல."