ஒன்றும் கேட்காத புரோகிராம்

பிரவுசருக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. ஒருநாள், யாரோ முதன்முதலாக எழுதிப் பார்த்த நாலு வரி புரோகிராம் ஒன்று வாசலில் வந்து நின்றது.

"என்ன வேணும்? கேமராவா, மைக்கா?" என்றது பிரவுசர்.

"ஒண்ணும் வேணாங்க. பட்டனை அமுக்கினா வணக்கம் சொல்வேன்."

"சொல்லிட்டு?"

"அவ்வளவுதாங்க."

ஒன்றும் வேண்டாதவன் எதற்கு வந்து வணக்கம் சொல்கிறான்? பிரவுசர் நாலு வரியையும் மூன்று முறை படித்தது. எதுவும் சிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

"அந்த ஓரமா நில்லு."

பின்னாலேயே பளபளவென்று ஒரு விளம்பரப் பக்கம் வந்தது. "கேமரா, மைக், நீங்க இருக்கிற இடம், மூணும் வேணும்."

பிரவுசருக்கு அப்பாடா என்றிருந்தது.

"வாங்க சார், உள்ளே வாங்க. இப்படி வாயைத் திறந்து கேக்கிறவங்களைத்தான் நம்ப முடியுது."