எட்டு மாதமாய் ஓடாத லிப்ட்

"மந்திரியாய் இருந்த ஆக்களை நான் நம்புறேல்லை. வந்த வழியே இறங்குங்கோ."

வெள்ளவத்தை பிளாட்ஸின் ஐந்தாம் மாடி. ஸ்ரீஸ்கந்தராசா கதவைப் பாதி திறந்தபடி மறித்துக்கொண்டு நின்றார். வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் தங்கப்பழம். தமிழ்நாட்டில் பதினொரு வருஷம் மந்திரியாக இருந்துவிட்டு, இப்போது முதலாம் மாடியில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறவர். வந்த இடத்திலும் கால் சும்மா இருக்கவில்லை. கையில் ஒரு மனு.

"எட்டு மாசமா லிப்ட் ஓடல. சங்கத் தலைவரை மாத்தணும்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்கதான் பாக்கி, ஐயா."

"தலைவர் என்ன செய்யிறது? திருத்த வந்த மூண்டு கொம்பனியும் கள்ளர். ஆரை நம்பிக் குடுக்கிறது?"

உள்ளேயிருந்து மனைவி கனகேஸ்வரியின் குரல் வந்தது. "எனக்கு வாற மாசம் கண் ஒப்பரேசன். இந்த முழங்காலோட அஞ்சு மாடி எப்பிடி இறங்கிறதெண்டு அந்தத் தலைவரிட்டைக் கேளுங்கோ."

கிழவருக்கு முகம் சுண்டிப்போனது. கோபத்தை வந்தவர் மேல் திருப்பினார்.

"பதினொரு வருஷமாய் நீங்கள் என்னத்தை வெட்டிக் கிழிச்சனீங்கள்?"

தங்கப்பழம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் கிழிக்கல. எங்க ஊரு ஒரு பாலம் கேட்டுச்சு. காண்ட்ராக்டர் எல்லாம் திருடன்னு வந்த டெண்டரையெல்லாம் திருப்பி அனுப்பினேன். கை சுத்தம்னு அவ்வளவு பெருமை. மழை வந்தா பிள்ளத்தாச்சியைக் கட்டில்ல வச்சுத்தான் ஆத்தைக் கடத்துவாங்க."

"பிறகு?"

"ஜனங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டெபாசிட்டும் போச்சு. அடுத்து வந்தவன் ரெண்டே வருஷத்துல கட்டிட்டான்."

"வயிறு எரிஞ்சிருக்குமே."

"ஒரு வாரம் எரிஞ்சுது. இப்ப தெனமும் காலையில அந்தப் பாலத்துலதான் நடக்கேன். நல்ல காத்து."

ஸ்ரீஸ்கந்தராசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். மனுவைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டி வாசித்து, கடைசி வரியில் மெல்ல மெல்லக் கையெழுத்து வைத்தார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா." தங்கப்பழம் கையை நீட்டினார்.

"பொறுங்கோ. சீல் குத்தாத கடுதாசி இஞ்சை செல்லாது."

உள்ளே போனவர், மேசை லாச்சியிலிருந்து ரப்பர் சீலை எடுத்து வந்து, தன் கையெழுத்துக்குக் கீழே அழுத்திக் குத்தினார்: 'தலைவர், குடியிருப்பாளர் சங்கம்.'