தனியாக ஒரு கொக்கு

செஞ்சி மண்டபத்தில் ஈரநில ஆய்வாளர்களும் மாணவர்களும் கூடியிருக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை வெயில் காய்கிறது. தையில் இறந்துபோன என் மனைவி எலிசபெத் நான்கு வருடம் ஏரிப் பறவைகளை எண்ணி எழுதிய நோட்டு, மாணவி ரஞ்சனியின் மடியில் விரிந்திருக்கிறது. பனியில் மை கரையுமென்று எல்லாம் பென்சில் எழுத்து. அதை வட்டாரப் பறவைப் பதிவேட்டில் சேர்க்கலாமா என்று பார்க்கிறார்கள். “கொக்கு எண்ணிக்கைக்குக் கீழ எப்பவும் தனியா ஒண்ணு போட்டிருக்குதே, இன்னா சார் இது?” என்கிறாள் ரஞ்சனி. “அது நொண்டிக் கொக்கும்மா. கூட்டத்தோட சேத்துட்டா, அது வராத நாளு தெரியாம பூடும்னு சொல்லுவா,” என்கிறேன். மூத்த ஆய்வாளர் சிரித்துவிடுகிறார். “எங்க பசங்களே இவ்ளோ கவனமா எண்ணல. ஏத்திக்கம்மா.” ரஞ்சனி மடிக்கணினியில் முதல் நாளின் கொக்கு எண்ணிக்கையை எண்பது என்று தட்டுகிறாள். சற்று நிறுத்துகிறாள். பிறகு கீழே இன்னொரு கட்டம் திறந்து, தனியாக ஒன்று என்று தட்டுகிறாள்.