பூங்கா சார் இல்லாவிட்டால்

"நான் ஒரு வாரம் லீவு போட்டா, நம்ம பூங்கா காடாயிடும் மேடம்," என்றார் பூங்கா சார். சொன்ன பிறகு, கொஞ்சம் அளவுக்கு மீறிவிட்டோமோ என்று அவருக்கே தோன்றியது.

நகராட்சியில் பூங்காப் பிரிவின் கண்காணிப்பாளர் என்பதால் ஆபீசில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. எதிரே உட்கார்ந்திருந்தவர், யாருக்கு என்னென்ன பொறுப்பு, அது எவ்வளவு கனம் என்று எடைபோட வந்திருந்த இளம் பெண் அதிகாரி. 'வேலை இல்லாத பதவியையெல்லாம் தூக்கப்போறாங்களாம்' என்று காலையில் வாசலிலேயே காவலாளி காதைக் கடித்திருந்தார். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

பயப்படாமல் என்ன செய்வார்? காலையில் பூங்காவை ஒரு சுற்று சுற்றுவார். தோட்டக்காரர் வேலை செய்வதைப் பார்த்துத் தலையாட்டுவார். திரும்பி வந்து, உதவியாளர் பெண் தயாராக வைத்திருப்பதில் கையெழுத்துப் போடுவார். அதற்குப்பின் சாயங்காலம்வரை பொழுதைத் தள்ளுவதுதான் அவருடைய நிஜமான உழைப்பு.

"நீரூற்றுப் பராமரிப்பு யாரு?" அதிகாரி கேட்டார்.

"நான்தான். அதை நினைச்சாலே எனக்குச் சாப்பாடு இறங்காது." அவர் பதவிக்கு வந்த நாள்முதல் அந்த நீரூற்றில் சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. மழை பெய்தால் தவளைகள் மட்டும் வந்து பயன்படுத்திக்கொள்ளும்.

"ஊஞ்சல் ரிப்பேர்? மரம் வெட்டறதுக்கு அனுமதி?"

"எல்லாமே நான்தான் மேடம்."

"அதை நான் பார்த்துக்குவேன் மேடம்," என்று பக்கத்து மேசையிலிருந்து உதவியாளர் பெண் குறுக்கிட்டாள். "சார் ஊர்ல இல்லாதப்பவும் எல்லாம் ஒழுங்காத்தான் நடந்திருக்கு."

பூங்கா சாருக்குச் சுருக்கென்றது. தங்கமான பெண் என்று நினைத்திருந்தார். நேரம் பார்த்துக் காலை வாருகிறாளே.

"பாவம், ஆர்வத்துல சொல்லுது," என்று அதிகாரியிடம் சிரித்து மழுப்பினார். "டைப் அடிக்கிறது வேற, முடிவெடுக்கறது வேற இல்லையா மேடம்?"

உதவியாளர் பெண் அவரைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தாள். பூங்கா சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "உங்க பொறுப்பை யார்கிட்டயாவது பிரிச்சுக் கொடுத்தா?"

"கொடுக்கலாம் மேடம். அப்புறம் ஊர் ஜனங்க கேக்கற கேள்விக்கு யார் பதில் சொல்றது?" ஊர் ஜனங்கள் அவரிடம் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுதான்.

"குடும்பம் உங்களோடதான் இருக்காங்களா சார்?"

இது எதற்கு என்று பூங்கா சாருக்குப் புரியவில்லை. மனைவி வேறு ஊரில் பள்ளி ஆசிரியை. சின்ன மகள் அவளோடு இருந்தாள். அந்த ஊர் நகராட்சிக்கே தன்னை மாற்றிவிடும்படி அவர் எழுதிப் போடாத மேலிடம் இல்லை. அத்தனை மனுவையும் டைப் அடித்துக் கொடுத்தவள் உதவியாளர் பெண்தான். போன ஞாயிற்றுக்கிழமை ரயிலேறும்போது, "அப்பா, மறுபடி எப்ப எங்க வீட்டுக்கு வருவீங்க?" என்று மகள் கேட்டாள். எங்க வீடாம். வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தார்.

ஆனால் பதவியே ஆட்டம் காணும்போது சொந்தக் கதையைச் சொல்லி மூக்கைச் சிந்த முடியுமா?

"அவங்க வேற ஊர்ல இருக்காங்க மேடம். எனக்குத்தான் பூங்காவை விட்டுட்டுப் போக மனசு வரலை. முதல்ல வேலை, அப்புறம்தான் குடும்பம்." சொல்லும்போது நாக்கு கூசியது. நல்லவேளையாக நாக்கு கூசுவது வெளியே தெரிவதில்லை.

உதவியாளர் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அதிகாரி விறுவிறுவென்று எழுதி முடித்து எழுந்தார். பூங்கா சாரும் எழுந்து வாசல்வரை கூடவே நடந்தார்.

"பதவிக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே மேடம்?"

"பதவிக்கா? அப்படி யாரு சொன்னது?" அதிகாரி ஆச்சரியத்தோடு நின்றார். "நான் வந்தது உங்க மாறுதல் விஷயமா சார். உங்க வீட்டம்மா இருக்கற ஊர்ல ஒரு இடம் காலியாகுது. உங்களை அனுப்பிட்டா இங்க சமாளிக்க முடியுமான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க. முன்னாடியே சொன்னா, மாறுதல் கிடைக்கணும்னு எல்லாரும் 'எனக்கு வேலையே இல்லை'ம்பாங்க, அதான் சொல்லலை."

பூங்கா சார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அங்கே எந்த ரயிலும் இல்லை. ஆனால் ஒன்று தன்னை விட்டுவிட்டுக் கிளம்புவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"மேடம், ஒரு நிமிஷம். நான் சொன்னதெல்லாம் பொய்," என்றார். "எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லை. நீரூற்றுல தண்ணியே வராது. எல்லாத்தையும் அந்தப் பொண்ணுதான் பார்க்குது. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன். என் பொண்ணு மேல சத்தியம்."

அவர் வாழ்க்கையில் தன் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது. அதிகாரி அவரை மரியாதையோடு பார்த்தார். கண்கள்கூட லேசாகக் கலங்கியிருந்தன.

"இவ்வளவு தன்னடக்கம் உள்ளவரை எப்படி சார் விட முடியும்?"