தொட்டிக் கணக்கு

“இவ்வளவு கம்மி கரண்ட்ல இவ்வளவு தண்ணி வராது சார். வரவே வராது.”

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள் அவள். உப்பை வடிகட்டும் சவ்வு அவளுடைய ஆய்வுக்கூடத்தில் செய்தது. தண்ணீரை அழுத்தித் தள்ளும் பம்ப், பக்கத்தில் நின்ற, வேறொரு கூடத்தில் வேலை பார்க்கும் பொறியாளருடையது. ஓயாமல், அதுவும் உரக்கப் பேசுவதால் அவருக்கு ‘மோட்டார்’ என்றே பெயராகிவிட்டது. இரண்டு கூடங்களும் சேர்ந்து, கடலோரத் தெரு ஒன்றின் கோடியில் தகரக் கொட்டகை போட்டு இதை ஓடவிட்டிருந்தன.

“வருதே. கண்ணால பாக்கறீங்கல்ல?” என்றார் மோட்டார். “நல்ல ரிசல்ட் வந்தா சந்தோஷப்படணும் மேடம். நீங்க என்னடான்னா பரீட்சையில ஃபெயிலான மாதிரி நிக்கறீங்க.”

“சவ்வு நான் செஞ்சது. அதோட லட்சணம் எனக்குத் தெரியாதா? நல்ல சவ்வுதான். ஆனா இவ்வளவு நல்ல சவ்வு இல்ல.”

அவளுடைய கவலையில் நியாயம் இருந்தது. மறுநாள் இரண்டு கூடங்களின் தலைவர்களும் வருகிறார்கள். ஒரு லிட்டருக்கு ஆகும் மின்சாரம் குறைவாக இருந்தால் இயந்திரம் இங்கேயே நிற்கும், தெருவுக்கும் தண்ணீர் கிடைக்கும். இல்லாவிட்டால் கழற்றி வேறு கரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இதை மோட்டார் போனில் யாரிடமாவது சொல்லாத நாளே கிடையாது.

சோதனை முடியும்வரை தொட்டியை யாரும் தொடக்கூடாது என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார்கள். லாரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கும் தெரு. அவர்களிடம் போய் அப்படிச் சொன்னது அவளுக்கு இன்னமும் உறுத்திக்கொண்டிருந்தது.

தண்ணீர் மீட்டர் உப்பேறி நின்றுபோனதால், காலையும் மாலையும் தொட்டிக்குள் குச்சி விட்டுத்தான் அளவு எடுத்தார்கள். தவறு அங்கேதான் இருக்க வேண்டும் என்று அவள் ஏணியில் ஏறினாள்.

“சார், இங்க வாங்க. மூடி நகர்ந்திருக்கு. மேடையில பாருங்க, வட்ட வட்டமா ஈரம். யாரோ குடம் வெச்சிருக்காங்க.”

மோட்டாரின் முகம் மலர்ந்தது. “திருட்டா? அப்ப திருட்டுப் போனது போக மிச்சம்தான் இவ்வளவு நிக்குது. உண்மையில நம்ம மிஷின் இன்னும் கெட்டிக்காரன் மேடம். உடனே ஒரு பூட்டு போடுவோம்.”

“பூட்டெல்லாம் வேணாம். எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும், தாகத்துக்குத்தானே எடுக்கறாங்க. எவ்வளவு எடுக்கறாங்கன்னு தெரிஞ்சா கணக்குல கூட்டிக்கலாம்.”

“திருடறவங்ககிட்டப் போய், எத்தனை குடம்னு கேப்பீங்களா?”

“கேட்டா என்ன?”

மதியம் சாப்பிடப் போவதுபோல இருவரும் கிளம்பி, சுற்றிவந்து கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். யாரையும் பிடிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. அந்தக் கணக்கு புரியாமல் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஆச்சரியம், மோட்டார் கூட வாயை மூடிக்கொண்டிருந்தார்.

தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா வந்தார். இடுப்பில் குடம், அதன் மேல் ஒரு தட்டு. இருபுறமும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினார். பழகிய ஏற்றம் அது.

“என்னம்மா இது,” என்று மோட்டார் வெளியே பாய்ந்தார். “அவ்வளவு தூரம் சொல்லியும் தொட்டியில கை வெச்சா எப்படி?”

அந்த அம்மா ஏணியிலேயே நின்றுவிட்டார். “திட்டாதீங்க தம்பி. இன்னிக்கு எங்க வரிசையோட முறை. அதான் நான் வந்தேன்.”

“முறை வெச்சு வேற நடக்குதா?”

அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவள் முன்னே வந்தாள். “பயப்படாதீங்கம்மா, யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கணக்குக்காகத்தான் கேக்கறேன். ஒரு நாளைக்கு எத்தனை குடம்?”

“வரிசைக்கு நாலு வீடு. வீட்டுக்கு ஒரு குடம். லாரி வந்த அன்னிக்கு மட்டும் ரெண்டு.”

அவள் புருவத்தைச் சுருக்கினாள். “லாரி வந்த அன்னிக்குக் கம்மியாத்தானே வேணும்? ஏன் கூட?”

“அன்னிக்குத்தானேம்மா எங்ககிட்ட தண்ணி இருக்கும்,” என்ற அந்த அம்மா தட்டை எடுத்துவிட்டு, தளும்பத் தளும்ப இருந்த குடத்தைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். “தண்ணி போதலைன்னா மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு தம்பி போன்ல பேசினது தெரு முழுக்கக் கேட்டுச்சு. இது போதுமா, இல்ல இன்னொரு குடம் கொண்டு வரவா?”