மூடுபனி திருப்பி அனுப்பியது

"அந்தப் பய மறுபடியும் திருப்பி அனுப்பிட்டான்டா!"

காலைத் தேநீரின்போது ஷர்ஷென் மடிக்கணினியை மகன் உலான் பக்கம் திருப்பினார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பழுதும் பார்க்கலாம் என்று உலகத்துக்கே திறந்து கிடக்கும் டேட்டாபேஸ் அது. ஓய்வுபெற்ற ஷர்ஷென், பிஷ்கேக்கில் உட்கார்ந்தபடியே அதில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியிருந்தார். அடுத்த பதிப்பின் நன்றிக் குறிப்பில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை.

"'டேட்டாவைப் பூட்டினீர்கள், சரி. நடுவில் கோளாறு வந்தால் யார் திறப்பது?'ன்னு கேக்கிறான், திருத்தத்தையெல்லாம் சரிபார்க்கிற இந்த 'மூடுபனி'. வச்சுக்கிட்ட பேரைப் பாரு!"

"அவன் சொல்றது தப்பாப்பா?"

"சரியாத்தான் சொல்றான். அதான் எரியுது."

மருமகள் பெகிமாய் குனிந்த தலை நிமிராமல், மரியாதைக்குப் பாதிக் கிண்ணம் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"இவகிட்ட கத்துக்கட்டும் அவன்! என்னை ஒரு வார்த்தை எதிர்த்திருப்பாளா? மாமனார் பேரையாவது வாய்ல எடுத்திருப்பாளா? கிர்கிஸ் மருமகள்னா இவதான்!"

உலானுக்குப் புரையேறியது.

ஷர்ஷென் மதியம்வரை உட்கார்ந்து பூட்டைச் சரிசெய்து அனுப்பினார். சாயங்காலம் மூடுபனி அதை ஏற்றுக்கொண்டது. ஆசையாக, அடுத்த பதிப்புக்கு மூடுபனி எழுதிவைத்திருந்த நன்றிக் குறிப்பைத் திறந்தார். மற்ற எல்லாருக்கும் முழுப்பெயர் இருந்தது. அவருடைய திருத்தத்துக்கு நேரே மட்டும், 'திருத்தியவர்: எங்கள் வீட்டுப் பெரியவர்' என்றிருந்தது.

மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பினார். அடுப்பருகே பெகிமாய் தன் மடிக்கணினியை அவசரமாக மூடினாள்.

"ஏம்மா மூடுபனி, நான் திட்டினதெல்லாம் போகட்டும். என் பேரை மட்டும் எழுதிடேன்."

"முடியாதுங்க மாமா."

அந்த வீட்டில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.