செவ்வாய், வெள்ளி தவிர

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அதுதான் பயிற்சி.

எதிரே பதினொரு பேர். பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் நலக் குழுவின் முன் பேசப் போகிற தன்னார்வலர்கள். இரண்டு நாள் வகுப்பின் கடைசி மணி நேரம் இது. பயிற்சி நடத்தும் அவள்தான் இதில் ஒன்பது வயதுச் சிறுமி. ஆளுக்கு ஐந்து நிமிடம், அவளைப் பேச வைக்க வேண்டும்.

ஐம்பத்திரண்டு வயதில், மூட்டுவலியோடு, ஒன்பது வயதாக இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

கல்லூரி மாணவி ஒருத்தி சாக்லேட் நீட்டினாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாடம் ஒப்பிக்கச் சொல்லும் குரலில், பயப்படாமல் சொல் என்றார். இன்னொருவர் செல்போனில் நாய்க்குட்டி காட்டினார். ஒரு அம்மாள் கேள்வி கேட்கும் முன்பே அழுதுவிட்டார்.

எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. அடுத்த மாதம் இதில் மூன்று பேர் மிஞ்சினால் பெரிது. ஒருவருக்கு மகள் கல்யாணம் வரும். ஒருவருக்கு மாற்றல் வரும்.

ஆனால் நாளைக்கே ஒருவர் வேண்டும்.

நாளை இசக்கிப்பிரியாவின் வழக்கு. இவள் நிஜமாகவே ஒன்பது வயது. இரண்டு வருடமாக வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறாள். தன்னோடு அனுப்பச் சொல்லிச் சித்தப்பா மனுப் போட்டிருக்கிறார். அவர் பெயரை எடுத்தாலே பிள்ளை நகத்தைக் கடிக்கிறாள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல, ஆள் நிலைத்தால்தானே.

பிள்ளைக்காகப் பேச யாரும் போகாவிட்டால் குழு காகிதத்தைப் பார்க்கும். காகிதத்தில் சித்தப்பா தங்கமான மனிதர்.

நான்கு பேர் மாறிவிட்டார்கள். நால்வரும் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். முதல் மூவரிடமும் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னைக்கு?"

நான்காவது ஆளிடம் அதையும் கேட்கவில்லை.

அந்த நால்வரில் முதல் ஆள், பயிற்சி நடத்தும் அவளேதான். சீக்கிரம் வருவேன் என்றாள். மறு வாரமே பயிற்சியாளராக்கிவிட்டார்கள். பயிற்சியாளருக்குத் தனியாகப் பிள்ளை ஒதுக்க மாட்டார்கள். வேலை மேல் வேலை. போகவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் பலகையில் முதல் விதியாக எழுதுகிறாள்: வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக வந்தவர் அருமைநாயகம். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாவது நிமிடம் எழுந்தார்.

"சரி தாயி. மறுபடி வாரேன்."

போச்சு. முதல் விதியிலேயே கோட்டை விட்டார். மதிப்பெண் தாளில் பெருக்கல் குறி போட்டாள்.

போட்டுவிட்டு, பதினான்கு பயிற்சிகளில் ஒருமுறைகூடத் திறக்காத வாயைத் திறந்தாள்.

"என்னைக்கு?"

அவர் சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார். பையிலிருந்து சின்ன நாட்காட்டியை எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"செவ்வாயும் வெள்ளியும் வர முடியாது தாயி. எங்க வீட்டு ஆச்சிக்கு டயாலிசிஸ். மத்த நாளு காலைல பத்து மணிக்கு வந்துருவேன். பத்து பத்து ஆச்சுன்னா, பஸ் லேட்டுன்னு நெனச்சுக்கோ."

யாரோ கைதட்டினார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வர முடியாத நாளை முதலில் சொன்னவர் இத்தனை பேரில் இவர் ஒருவர்தான்.

நாளை வெள்ளி.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினாள். பெருக்கல் குறியை அழிக்கவில்லை. விதி விதிதான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்தாள்.

இன்னொரு வாய்தாவா, பிள்ளை என்ன பாவம் செய்தது என்று குழுவோடு சண்டை போடுகிறவள் என்று அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர். இப்போது அவளே எழுதினாள். திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்க வேண்டுகிறேன்.

இதை நேரில்தான் கொடுக்க வேண்டும். வாசல் பெஞ்சில் பிள்ளை உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருடம் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது?

நின்றுதான் ஆக வேண்டும். பிள்ளை எதுவும் கேட்கமாட்டாள். கேட்காவிட்டாலும், அவர் வருகிற நாளைச் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை, பத்து மணி.

பஸ் லேட்டானால், பத்து பத்து.